டொங்காரா தாய்மாமனா, சித்தப்பாவா?

அத்தியாயம் 4

கரண்ட் வந்தபோது மாலை இருந்தது. கேசட் இல்லை.

அரியலூர்க் கல்யாண மண்டபத்து மேடையில், டெலிவிஷன் பெட்டிக்கும் வீடியோ டெக்குக்கும் நடுவே ஒரு முக்காலி. அதன்மேல் பட்டுத்துணி விரித்து, கேசட்டை வைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சுற்றிலும் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை இப்போதும் வட்டமாக அப்படியே கிடந்தது. நடுவில் வெறும் துணி. மணவறையை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று நல்லதம்பி நெஞ்சில் அடித்துக்கொண்டான். நெஞ்சு டின்னால் ஆனது என்பதால் மண்டபமே அதிர்ந்தது.

நல்லதம்பி, அரியலூர் 'வான்வீரன் ரொக்காரு ரசிகர் மன்ற'த்தின் தலைவன். இன்று நடப்பது, ரொக்காரு பொம்மைப் படத்தின் கடைசிப் பாகத்தைப் பார்க்க அவன் கூட்டிய மாநாடு. கடலை எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி உடம்பெல்லாம் மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து ரொக்காரு என்கிற இரும்பு வீரனாக நிற்கிறான். நிற்கத்தான் முடியும். அந்த வேஷத்தில் உட்கார முடியாது என்பதை மாட்டிக்கொண்ட பிறகுதான் கண்டுபிடித்தான். அவனுக்குப் பின்னால் துறையூர் ரொக்காரு, குரும்பலூர் ரொக்காரு, ஜெயங்கொண்டத்து ரொக்காரு என்று ஒரு பாத்திரக்கடையே நின்றது.

மண்டபத்துக் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்ற கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியாது. அந்தக் கேசட்டுக்குக் காவலாக வந்தவர்களே அவளும் அவளுடைய முதலாளியும்தான்.

முதலாளி என்றால் துப்பறிவாளர் உத்திராபதி. பெரம்பலூரில் சைக்கிள் கடை மாடியில் போர்டு தொங்கவிட்டிருப்பவர். மாப்பிள்ளை குடிப்பாரா, வேட்டியைத் துவைத்துக் கட்டுவாரா என்று விசாரித்தே தலைநரைத்தவருக்கு 'மாநாட்டுப் பாதுகாப்பு' என்றதும் தலைகால் புரியவில்லை. கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இப்போதுதான் திறக்கிறார்.

"தூங்கலை கமலவேணி. காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன்."

"குறட்டையில தீட்டுற சத்தம் கேக்கலைங்க சார்."

சிறப்பு விருந்தினர் பேச்சைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும். ஊரில் பெரிய நிலக்காரர். ஜப்பான் என்றும் எந்திரம் என்றும் நோட்டீஸில் பார்த்துவிட்டு, பவர் டில்லர் கண்காட்சி என்று நினைத்து வந்துவிட்டார். ஜப்பான் முறையில் நெல் நடுவது எப்படி என்று கயிறு பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தவர், படத்துக்காக ஜன்னலெல்லாம் அடைத்திருந்த மண்டபத்தில் கரண்ட் போய் இருட்டி, மைக் செத்த பிறகும் நிறுத்தவில்லை. டின்னுக்குள் வெந்துகொண்டிருந்த ரசிகர்கள், களை எடுக்கும் கட்டம் வந்தபோது பயந்துபோய்க் கைதட்டினார்கள்.

மாநாடு என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது. கீழப்பழுவூரிலிருந்து அட்டை இறக்கை கட்டிக்கொண்டு வந்த ஒருவனுக்குப் பஸ்ஸில் கண்டக்டர் இறக்கைக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார். அவன் அந்த டிக்கெட்டை எல்லாரிடமும் காட்டிக் காட்டிப் பூரித்தான். சொந்த ஊரில் அவனைப் பைத்தியம் என்பார்கள்; இங்கே அவனைப் பார்த்து நூறு பேர் பொறாமைப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கமலவேணியால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடைக்கு நன்றியுரை என்று உச்சிவெயிலும் ஏறிவிட்டது. படம் மட்டும் போட்டபாடில்லை. இப்போது போடுவதற்குப் படமே இல்லை.

"கதவு?" என்றார் உத்திராபதி.

"கரண்ட் போன நிமிஷமே தாழ் போட்டுட்டேன். ஒரு ஈ கூட வெளியே போகலை. கேசட் இந்த மண்டபத்துக்குள்ளதான் சார் இருக்கு."

"கைரேகை..."

"வாசல்ல எல்லார் கையிலயும் சந்தனம் பூசித்தான் உள்ள விட்டாங்க. எந்தக் கையைப் பாக்கப் போறீங்க?"

உத்திராபதி கைரேகையை அத்தோடு விட்டுவிட்டார்.

மணப்பெண் அறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கமலவேணி உள்ளே போனாள்.

வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜொஹரா உட்கார்ந்திருந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண், சின்ன வயது. கேசட் அவளுடையது. துணைக்கு வந்த பெரியம்மா மின்விசிறிக்கு நேராகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா. பொம்மைப் படம்தானே. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள் கமலவேணி.

ஜொஹரா கதவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பொம்மைக்கு யாருக்கா அழுவா? எங்க வூட்டுக்காரவுங்க சவுதியில, தமாம்ல இருக்காங்க. நிக்காஹ் முடிஞ்ச கையோட போனவுங்க, மூணு வருஷமாச்சு. அவுங்க எழுதுற லெட்டரை மாமனார் உடைச்சு, மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாத்தனார் சிரிச்சதுக்கு அப்புறம்தான் எங் கைக்கு வரும். போன மாசம் கடைக்கு போன் போட்டாங்க. சுத்தி ஆளுங்க. 'பொம்மைப் படம் அனுப்பியிருக்கேன், முடிஞ்சதும் அணைச்சிடாதே, நீ மட்டும் தொடர்ந்து பாரு'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். லைன் போயிடுச்சு."

"படத்துக்குப் பின்னாடி அவரே பேசியிருக்காரா?"

"அப்படித்தான் நெனைக்கிறேன். எங்க வூட்டுல டெக்கு இல்ல. சொந்தக்காரவுங்க வூட்டுல போட்டா தெருவே உக்காந்து பாக்கும். இவுங்க மாநாட்டுக்குக் கேட்டாங்க. படம் முடிஞ்சதும் மண்டபத்தைக் காலி பண்ணிக் குடுத்தா தரேன்னேன். நல்லதம்பி அண்ணன் சரின்னுச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவுங்க மொகமே மறந்துபோச்சுக்கா. அதை யாருகிட்ட சொல்ல முடியும்?"

கமலவேணி வெளியே வந்தபோது அவளிடம் கிண்டல் குறைந்து கோபம் ஏறியிருந்தது. நேராக டெக் வாடகைக்காரர் பூமாலையிடம் போனாள்.

"அந்தக் கேசட்டை வேற டெக்குல போட்டு அழிக்க முடியுமா?"

"தாராளமா. முதுகுல ஒரு சின்னக் காது இருக்கும். அதை ஒடிச்சிட்டா மேல பதிய முடியாது. இந்தக் கேசட்டுல ஒடிக்கலை. காலையிலயே பாத்தேன். யாராச்சும் தெரியாத்தனமா பொத்தானை அமுக்கினா போதும், எல்லாம் சுத்தம்."

நேரம் போகப் போக ஆபத்து என்பது கமலவேணிக்குப் புரிந்தது. உத்திராபதியிடம் விஷயத்தைக் காதோடு சொன்னாள். அவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தால் கோட்டு இருக்காது.

"இருட்டுல என்னென்ன சத்தம் கேட்டுச்சு கமலவேணி?"

"நெல்லு நட்ட சத்தம்தான். சிறப்பு விருந்தினர் பேச்சை நிறுத்தவேயில்லை. அதனால அவர் திருடலை. மேடையில பலகைப் படி. டின் போட்டவன் ஏறியிருந்தா அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு டின்னும் அசையலை."

"அப்போ வேஷம் போடாத ஆளு."

"மேடைக்குப் பக்கத்துல அப்படி மூணு பேரு. டெக்கு பூமாலை. விளக்கவுரை பிச்சைமுத்து. மூணாவது, அதோ பனியனோட நிக்கிற பெரம்பலூர் ராசாங்கம். புழுக்கம் தாங்காம ரெக்ஸின் அங்கியைக் கழட்டிக் கம்பத்துல மாட்டியிருந்தார்."

ராசாங்கம் பெரம்பலூர்க் கிளையின் தலைவன். ரொக்காருவின் பரம எதிரி டொங்காராவாக வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் நல்லதம்பி டின் கையை நீட்டினான்.

"இவன்தான் சார் எடுத்திருப்பான்! கடைசிப் பாகம் ஓடுனா டொங்காரா ரொக்காருவுக்குத் தாய்மாமன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். பெரம்பலூர்க்காரன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?"

"தாய்மாமனா? சித்தப்பாடா! அப்பன்கூடப் பொறந்த சித்தப்பா! மூணு வருஷமாச் சொல்றோம், அரியலூர்க்காரன் மண்டையில ஏறலை!"

"தாய்மாமன்!"

"சித்தப்பா!"

இரண்டு ஊரும் எழுந்து நின்றன. அட்டை இறக்கைகள் மோதின. யாரோ ஒருவன் தன் லேசர் துப்பாக்கியால், அதாவது பூவாளியின் மூக்கால், இன்னொருவன் மண்டையில் போட்டான்.

இந்த மொத்தப் பைத்தியத்துக்கும் மூலம் லப்பைக்குடிக்காடு. அந்த ஊர் ஆட்கள் அரபு நாட்டிலிருந்து லீவில் வரும்போது டேப்ரிக்கார்டர், சென்ட்டு, போர்வையோடு இந்தக் கேசட்டுகளையும் கொண்டுவந்தார்கள். வரைந்தவன் ஜப்பான்காரன். குரல் கொடுத்தவன் அரபிக்காரன். பார்த்து அழுதது அரியலூரும் பெரம்பலூரும். அழுவதற்கு அர்த்தம் புரிய வேண்டுமே என்று நடுவில் வந்து சேர்ந்தவர்தான் விளக்கவுரை பிச்சைமுத்து. குவைத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கூலிங் கிளாஸைக் கழற்ற மாட்டார். டெலிவிஷன் பக்கத்தில் மைக்கோடு நின்று, அரபி வசனம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் சொல்லுவார். காலடியில் ஒரு கூடை, கூடைக்குள் தொண்டைக்கு மிளகுப்பால் பிளாஸ்க். இப்போது அந்தக் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தார்.

உத்திராபதி இரண்டு தலைவர்களையும் ஓரமாக இழுத்தார்.

"தாய்மாமன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"பிச்சைமுத்து அண்ணன்தான்" என்றான் நல்லதம்பி. "எங்க ஊர்ல படம் போட்டப்ப மைக்லயே சொன்னாரு. ரொக்காரு அம்மா கல்யாணத்துல டொங்காராவுக்கு மாமன் மரியாதை செய்யாம விட்டுட்டாங்க. அதுலேர்ந்து வந்த பகை."

"சித்தப்பான்னு?"

"அதே பிச்சைமுத்து அண்ணன்தான்!" என்றான் ராசாங்கம். "பெரம்பலூர்ல சொன்னாரு. வரப்புத் தகராறு சார். ரொக்காரு அப்பன் வரப்பை வெட்டி டொங்காரா பக்கம் தள்ளிட்டான்."

"ஜப்பான்லயா?"

"சந்திர மண்டலத்துல."

கமலவேணி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க ஊர்ல போட்டப்ப இவங்க வரலையா? இவங்க ஊர்ல போட்டப்ப நீங்க போகலையா?"

"அரியலூர்க்காரன் கூப்பிட்டு நான் போறதா? இன்னைக்குக் கடைசிப் பாகம்ங்கிறதாலதான் வந்தேன்" என்றான் ராசாங்கம்.

"இவன் ஊர்ப் படத்துக்கு நான் எதுக்குப் போறேன்?" என்றான் நல்லதம்பி.

இரண்டு பேரும் போன பிறகு உத்திராபதி கேட்டார்: "ஊரு ரெண்டு பட்டா யாருக்குக் கொண்டாட்டம் கமலவேணி?"

"கூத்தாடிக்கு." சொல்லும்போதே அவள் பார்வை கூடைப் பக்கம் போய்விட்டது. "ஆனா சார், அந்த ஆளு எதுக்குக் கேசட்டை எடுக்கணும்? படம் ஓடுனாத்தானே அவருக்கு மைக்கு, மாலை எல்லாம்?"

"ஆசைப்பட்டு எடுக்கலை. பயந்து எடுத்திருக்கணும். யாரைப் பாத்துப் பயம்னுதான் தெரியலை. காலையில ஏதாச்சும் கவனிச்சியா? நீதான் முழிச்சிருந்தே."

ஒப்புக்கொண்டாரே என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது.

"ஜொஹராவுக்கு மேடைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டிருந்தோம். லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து வந்திருக்காங்கன்னு நான் சொன்னதும் பிச்சைமுத்து மூஞ்சி சுண்டிப்போச்சு. 'கடைசிவரைக்கும் இருந்து பாப்பாங்களா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'பொம்பளைங்களுக்கு அங்கதான் காத்து'ன்னு நாற்காலியைத் தூக்கிக் கடைக்கோடியில போட்டாரு. அங்க விசிறியே இல்ல சார்."

உத்திராபதி சிரித்தார். "மூணு பேருக்கும் தனித்தனியா ஒரு பொய் சொல்லணும். உனக்குக் கஷ்டமா இருக்குமே."

"கல்யாண விசாரணைன்னு எத்தனை வூட்டுல பொய் சொல்லிக் காப்பி குடிச்சிருக்கேன். சொல்லுங்க."

முதலில் ராசாங்கம். "திருச்சியிலேர்ந்து போலீஸ் நாய் வருதாம்" என்றாள். ராசாங்கம் யோசித்தான். "கறுப்பு அங்கியைப் பாத்தா கடிக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டாவது பூமாலை. "மாநாடு ரத்து. டெக்கைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள். அவர், "சாப்பாடு உண்டுல்ல?" என்றார்.

மூன்றாவது பிச்சைமுத்து. அவர் பக்கத்தில் குந்தி, கமலவேணி பெருமூச்சு விட்டாள். "அந்த லப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு அழுதுகிட்டே பஸ் ஏறிப் போயிடுச்சுங்க. இனிமே கேசட் கெடைச்சாலும் பாக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு."

"அடடா... போயிட்டாங்களா? நெசமாவா? எந்த பஸ்ஸு?"

"லப்பைக்குடிக்காட்டு பஸ்ஸுதான். நானே ஏத்திவிட்டேன்."

பிச்சைமுத்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கண்ணீர் வரவில்லை.

வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது. மேடையிலிருந்து கூச்சல் கேட்டது.

"கெடைச்சிடுச்சு! ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சுப்பா! யாரும் சரியாத் தேடலை!"

ஒரு கையில் மைக்கோடு, மறு கையில் கேசட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிச்சைமுத்து நின்றார். மண்டபம் ஆரவாரித்தது. டின் எல்லாம் குதித்தது. நல்லதம்பி அவர் காலில் விழப் பார்த்து, குனிய முடியாமல் பாதியில் நின்றான்.

உத்திராபதி மேடை ஏறிக் கேசட்டை வாங்கினார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"சந்தனம் வெச்ச கேசட்டு. மிளகு வாசனை அடிக்குதே?"

பிச்சைமுத்து நிமிர்ந்தார். "அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் எதுக்குங்க எடுக்கணும்? நான் அதைப் பிளாஸ்க் கூடைக்குள்ள வெச்சதை யாராச்சும் பாத்தீங்களா?"

எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். கூடையைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு சொல்ற பழக்கம் உங்க வூட்டுல உண்டுங்களா அண்ணே?" என்றாள் கமலவேணி. பிறகு மணப்பெண் அறைப் பக்கம் திரும்பி, "வாம்மா ஜொஹரா" என்று கூப்பிட்டாள்.

வெள்ளைத் துப்பட்டியைக் கண்டதும் பிச்சைமுத்து பின்வாங்கினார். முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்த சாமந்தி மாலை நசுங்கியது. கூலிங் கிளாஸைக் கழற்றினார். ரசிகர்கள் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தார்கள். சாதாரணமான கண்தான்.

"நீ போகலையாம்மா?" என்றார். "தெரிஞ்சுதானே வந்தே? நான் சொல்ற ஒவ்வொண்ணையும் கேட்டுட்டு எழுந்து நின்னு, 'அவன் அப்படிச் சொல்லலை, இவர் புளுகுறாரு'ன்னு சபையில சொல்லியிருப்பே. அதுக்கு முன்னாடி நான் செத்திருப்பேன்."

"நானா? எதுக்குங்க?" ஜொஹராவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அரபி தெரிஞ்சவுங்க எதுக்க நான் எப்படிம்மா..."

"அரபியா? எனக்கா?"

"நீங்கதான் நித்தமும் ஓதுறீங்களே! அது அரபிதானே?"

ஜொஹராவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "ஓதுவேங்க. சின்னதுலேர்ந்து எழுத்துக்கூட்டி ஓதுவேன். அர்த்தம் பள்ளிவாசல் ஹஜரத் சொன்னாத்தான் தெரியும். பொம்மை பேசுற அரபி எனக்கு என்னத்த வெளங்கும்? நீங்க சொல்லுவீங்களேன்னுதான் நானே முன்னாடி நாற்காலி கேட்டேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிச்சைமுத்து பேயைப் பார்த்து ஓடிக் கிணற்றில் விழுந்திருந்தார். அவர் கையில் இருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்ததால், அவர் விட்ட பெருமூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"குவைத்துல அஞ்சு வருஷம் என்னதான் பண்ணுனீங்க?" என்று கேட்டார் உத்திராபதி.

"கேம்ப்ல சமையல் சார். சுத்தி எல்லாம் கொல்லமும் பாலக்காடும். அரபிக்காரனை மாசத்துக்கு ஒருக்காதான் தூரத்துல பாப்பேன். மலையாளம்தான் நல்லா வந்துச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க வந்ததும் 'அரபி தெரியும்ல?'னு கேட்டாங்க. தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் மைக்கைக் குடுத்துட்டாங்க."

"தாய்மாமன்?" என்றான் நல்லதம்பி. அவன் குரல் உடைந்திருந்தது.

"அன்னைக்கு உங்க ஊர்ல ஒரு காதுகுத்துல சாப்பிட்டு வந்தேன் தம்பி. மாமன் சீர் ஞாபகத்துல இருந்துச்சு."

"சித்தப்பா?" என்றான் ராசாங்கம்.

"என் சித்தப்பன்கூட எனக்குக் கேஸ் நடக்குது."

மூன்று வருஷம் பேசாமல் இருந்த இரண்டு ஊரும் இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மண்டை உடைந்தது, டீக்கடையில் நாற்காலி பறந்தது எல்லாம் எதற்காக என்று தெரிந்துவிட்டது. பூவாளி மூக்குகள் மெல்ல மேடைப் பக்கம் திரும்பின. கமலவேணி கேசட்டை வாங்கித் தன் முந்தானைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். அடி விழுந்தால் பிச்சைமுத்துவுக்கு விழட்டும், கேசட்டுக்கு விழக்கூடாது.

அப்போது கீழப்பழுவூர் இறக்கைக்காரன் ஒரு சந்தேகம் கேட்டான். "அதெல்லாம் சரிங்க. கடைசிப் பாகத்துக்கு விளக்கம் யாரு சொல்றது?"

விளக்கம் இல்லாமல் படம் பார்ப்பது என்ற யோசனை அவர்களைப் பொய்யைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. நல்லதம்பி ராசாங்கத்தைப் பார்த்தான். ராசாங்கம் நல்லதம்பியைப் பார்த்தான்.

"அண்ணே, கண்ணைத் துடைச்சிட்டு மைக்கைப் புடிங்க" என்றான் நல்லதம்பி.

"ஆனா எங்களையும் விட்டுக்குடுக்கக் கூடாது" என்றான் ராசாங்கம்.

கமலவேணி உத்திராபதியின் காதில் சொன்னாள்: "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது, சர்க்கரை இல்லேன்னு தெரிஞ்ச பிறகும் இன்னொரு கரண்டி கேக்குற ஊரு சார்."

"நமக்கென்ன. படம் போடச் சொல்லு. இது முடிஞ்சாத்தானே அந்தப் பொண்ணோட பாகம் வரும்."

பூமாலை கேசட்டைப் போட்டார். ரொக்காரு பறந்தான், டொங்காரா கர்ஜித்தான், அரபி மழையாகக் கொட்டியது. பிச்சைமுத்து மிளகுப்பால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் பழைய ஆளாகிவிட்டார். முக்கியமான கட்டத்தில் அவர் குரல் நடுங்கியது: "இத்தனை நாள் நாம ஏமாந்தோம் மக்களே! டொங்காரா ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு! ஒருத்தன் தாய்மாமன்! இன்னொருத்தன் சித்தப்பா! ரெண்டு பேருக்கும் ஒரே முகமூடி!"

அரியலூரும் பெரம்பலூரும் கட்டிப்பிடித்து அழுதன. டின்னில் ரெக்ஸின் சிக்கிக்கொண்டு, தலைவர்களைப் பிரிக்க நாலு பேர் தேவைப்பட்டது.

படத்தின் முடிவுப் பாட்டு ஆரம்பித்தது. கடைக்கோடி நாற்காலியில் ஜொஹரா எழுந்து நின்றுவிட்டாள். கூட்டமோ அசையவில்லை. பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லி விசில் அடித்தது. மண்டபத்தைக் காலி செய்து தருவதாகச் சொன்ன நல்லதம்பி தேம்பிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தால் அடுத்து அந்தப் பெண்ணின் புருஷன் நூறு பேர் முன்னால் வந்து நிற்பான். பிச்சைமுத்து அவனுக்கும் விளக்கம் சொல்லுவார்.

கமலவேணி மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினாள்.

"பந்தி போட்டாச்சு! வடை முதல் பந்திக்குத்தான் வரும்போல இருக்கு!"

ரொக்காருவாவது டொங்காராவாவது. நாற்காலிகள் உருண்டன. டின் வீரர்கள் பக்கவாட்டாக வாசலில் முட்டி, ஒருவரையொருவர் தள்ளி, சாப்பாட்டுக் கூடத்துக்குள் கொட்டினார்கள். பூமாலை அவர்களுக்கும் முன்னால் ஓடினார். உத்திராபதி கோட்டை மறந்துவிட்டுப் போனார். பிச்சைமுத்து பிளாஸ்க்கை மறக்கவில்லை.

மண்டபத்தில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஜொஹரா பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன. இரைந்துகொண்டே இருந்தன.

"ஒண்ணும் இல்லையாக்கா?"

கமலவேணி டெக்கைப் பார்த்தாள். அந்தப் பாவி கூடையில் வைத்தேன் என்றானே தவிர, டெக்கில் போடவில்லை என்று சொன்னானா? இருட்டில் எப்படிப் போட்டிருக்க முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அணைக்கலாமா என்று கையைக்கூட நீட்டிவிட்டாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

புள்ளிகள் விலகின. ஒரு சுவர். சுவரில் ஒரு காலண்டர். அதற்கு முன்னால், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல், ஒரு மெலிந்த ஆள் விறைப்பாக நின்றான். யாரோ 'பேசுப்பா' என்றார்கள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஜொஹரா..." என்றான்.

கமலவேணி வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். எதிரே நல்லதம்பி, இலையோடு வந்து நின்றான். உட்கார முடியாததால் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ள ஏதோ ஓடுதே! இன்னொரு பாகம் இருக்கா? பிச்சைமுத்து அண்ணனை விளக்கம் சொல்லக் கூப்பிடட்டுமா?"

கதவுக்குப் பின்னால் ஜொஹராவின் குரல் கேட்டது. அவள் டெலிவிஷன் பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மச்சான் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

"வேணாம்" என்றாள் கமலவேணி, கதவின்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "இந்தப் பாகத்துக்கு விளக்கம் தேவையில்ல. நீங்க போய் மோர் வாங்கிக்குங்க."